மச்சானில் போட்ட தூள்

1

இந்தக் கதை, ஒரு சொல்லை நான் தப்பாகக் கேட்டதில் பிறந்தது. கதை எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் மெஷினை ஓட்டுகிறேன். வேலை முடிந்து அறைக்குப் போனால் பேச ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘பொன்னிறக் காலைக் கதிர்கள் ஆய்வுக்கூடத்தின்—’

வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

2

டாக்டர் என்று ஒருவர். (இன்னும் பட்டம் வாங்கவில்லை, நாங்கள் வைத்த பெயர். பட்டம் வருமா என்பதுதான் கதை.) மண்ணில் மட்கிப்போகும் இரண்டு பிளாஸ்டிக்குகளை அவர் ஒன்றாகக் கலக்க வேண்டும். ஒன்று விறைப்பு, வளைத்தால் உடையும். அதற்கு மாமா என்று பெயர் வைத்தார். இன்னொன்று இழுத்த இழுப்புக்கு வரும். அது மச்சான். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. நடுவில் பிடித்துவைக்க ஒரு கருப்புத் தூள். அதன் ஒவ்வொரு துகளும் கண்ணுக்கே தெரியாத மெல்லிய தாள்.

பதினோரு தடவை தூளை முதலில் மாமாவோடு கலந்தோம். பதினோரு தடவையும், கலவையில் செய்த மெல்லிய பிலிம் இழுத்ததும் பட்டென்று அறுந்தது. தூளைக் கூட்டினால் கட்டி தட்டி இன்னும் மோசம். பன்னிரண்டாவதும் அறுந்தால் ஆய்வையே மூடிவிடலாம் என்று டாக்டருக்கு வழிகாட்டியான பேராசிரியர் அம்மா சொல்லிவிட்டார்.

(இந்த இடத்தில் டாக்டருக்கு ஒரு காதல் வைக்கலாமா என்று யோசித்தேன். மனுஷனுக்குச் சாப்பிடவே நேரமில்லை.)

3

பன்னிரண்டாவது தடவை. மெஷின் இரைச்சலில் டாக்டர் கத்தினார்: “தூளப் போடு மச்சான்!”

அதுவரை என்னை ‘அண்ணே, நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். இந்த ஊருக்கு வந்த ஆறு வருஷத்தில் யாரும் என்னை மச்சான் என்றதில்லை. என்னைத்தான் என்று உறைக்கவேயில்லை. ‘மச்சான்ல’ என்பதில் ‘ல’வை மெஷின் முழுங்கிவிட்டது என்று நினைத்தேன்.

தூளை மச்சானில் போட்டுக் கலந்தேன். மாமா பிறகுதான் வந்து சேர்ந்தார்.

4

முதல் முடிவு: பிலிம் அறுந்தது. (எழுதி அடித்துவிட்டேன். பொய்.)

நடந்தது: இழுவை மெஷின் பிலிமை இரண்டு முனையிலும் கவ்வி இழுத்தது. நீண்டது. இன்னும் நீண்டது. டாக்டர் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

“என்ன பண்ணித் தொலச்ச?”

“நீங்கதான மச்சான்ல போடச் சொன்னீங்க?”

“யோவ், அது உன்னக் கூப்பிட்டேன்யா!”

விக்கல் வரும்வரை சிரித்தோம். பிறகு ஒரு தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். தூளுக்கு உள்ளூர மாமாவைத்தான் பிடிக்கும். முதலிலேயே மாமாவோடு விட்டால் அங்கேயே தங்கிவிடும். மச்சானுக்குள் விட்டால் மாமாவைத் தேடிக் கிளம்பும். பாதி வழியில், இருவரும் தொடும் எல்லையிலேயே நின்று இரண்டு பேரையும் பிடித்துக்கொள்ளும்.

5

ஒரு பிலிம் அறுபடாததை யாரும் நம்ப மாட்டார்கள். மூன்று வேண்டும்.

“அதே தப்ப இன்னும் ரெண்டு தடவ பண்ணு. ஆனா சரியாப் பண்ணு” என்றார்.

இரண்டாவதும் நீண்டது. மூன்றாவது இப்போது கவ்வியில் இருக்கிறது. பேராசிரியர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். பொத்தானை அமுக்க வேண்டியவன் நான். ஆனால் என் கையில் இதை எழுதும் பேனா இருக்கிறது.

நீங்கள் அமுக்குங்கள்.