குப்பிக்குள் இருந்தது யார்?

“அக்கா, அந்த செல்லோட அடையாள ரிப்போர்ட்டை எனக்குக் காட்டுங்க.”

கேட்கவே கூடாது என்று அவளுடைய ஆராய்ச்சி கைடு சொல்லி அனுப்பிய ஒரே விஷயம் இதுதான். விமானம் ஏறுவதற்கு முதல் நாள் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, பெற்ற தகப்பனைப் போலப் பேசினார். “அங்க எது வேணா கேளும்மா. மெஷின் கேளு, கெமிக்கல் கேளு, லீவுகூடக் கேளு. நம்ம செல்லோட பூர்வீகத்தை மட்டும் நோண்டாத. நம்ம சரக்கு மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னு நினைச்சுடுவாங்க.” அவளும் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். வந்து ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை.

அக்கா கையிலிருந்த, செல் வளரும் பிளாஸ்கை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே, “எந்த செல்லு?” என்றாள்.

“நாலு வருஷமா நான் பால் ஊத்தி வளர்க்கற செல்லு.”

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அதே கைடிடம் முன்பு படித்தவள், இந்தப் புற்றுநோய் ஆய்வகத்தில் ஏழு வருடமாக வேலை பார்ப்பவள். அறுபது பேர் இருக்கும் கட்டடத்தில் தமிழ் பேச இவர்கள் இரண்டு பேர்தான். ஆய்வகத் தலைவர் எதிரே நிற்கும்போதே அவர் தலைமுடியைப் பற்றி அக்கா தமிழில் ஏதாவது சொல்லுவாள், இவள் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமுவாள். வந்த முதல் நாள் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி இவளுக்குப் போட்டுவிட்டவள் அக்கா. கை சுத்தமாக இருக்கும்போது இன்குபேட்டர் கதவை முழங்கையால் திறக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். கைடு சொன்னதை மீறி இன்று அவளிடம் கேட்க இவளுக்குத் தைரியம் வந்ததும் அதனால்தான்.

“இப்ப எதுக்குடி அது?”

“அது ஆம்பளையோட செல்லு இல்லக்கா.”

ஐம்பது வயது ஆள் ஒருவரின் தாடையிலிருந்து வெட்டியெடுத்த கட்டியிலிருந்து வளர்த்த வாய்ப்புற்று செல் அது. நோயாளியின் செல் தட்டில் தொடர்ந்து பிழைத்துக் கிடப்பது அபூர்வம். அது பிழைத்ததால்தான் கைடுக்குப் பெயர். அந்த செல்லுக்கே தன் இனிஷியலைப் பெயராக வைத்துவிட்டார். மருந்து கொடுத்தும் அது ஏன் சாக மறுக்கிறது, எந்த மருந்தைக் கூடச் சேர்த்தால் சாகும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. இரண்டு ஆய்வுப் பேப்பர்கள் வெளியாகிவிட்டன, தீசிஸில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. தங்கைக்குக் குழந்தை பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரியில் தலையைக் காட்டிவிட்டு, செல்லுக்குத் தீனி மாற்ற ஆய்வகத்துக்கு ஓடியவள் அவள். போன வாரம் மிச்சமிருந்த மாதிரியை வீணாக்க வேண்டாமே என்று சின்னதாக ஒரு சோதனை போட்டாள். ஆண் உடம்பில் மட்டும் இருக்க வேண்டிய குரோமோசோம் அதில் இல்லை. மறுபடி போட்டாள். மூன்றாம் முறையும் போட்டாள்.

“புற்று செல்லு சில நேரம் அதைத் தொலைச்சிடும். சகஜம். படிச்சதில்லையா நீ?”

“படிச்சிருக்கேன். அதனாலதான் நானா எதுவும் முடிவு பண்ணாம ரிப்போர்ட்டைக் கேக்கறேன்.”

“அப்படி ஒரு ரிப்போர்ட்டே இல்லடி.”

“ஃப்ரீசர் நோட்டுல, சார் செல்லுக்கு நேரா, சோதிச்சாச்சான்னு இருக்கற கட்டத்துல டிக் அடிச்சிருக்கு. பக்கத்துல உங்க கையெழுத்து. இல்லாத ரிப்போர்ட்டுக்கா கையெழுத்து போட்டீங்க?”

அக்கா பிளாஸ்கைக் கீழே வைத்தாள். கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினாள். தன் மேசைக்குப் போய் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். பிரின்டர் ஒரே ஒரு தாளைத் துப்பியது.

ஆளுக்குக் கைரேகை போல செல்லுக்கும் உண்டு. டி.என்.ஏ.வில் பதினாறு இடங்களில் பதினாறு ஜோடி எண்கள். அதை வைத்து செல் யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். தாளின் அடியில் எழுதியிருந்தது: இந்த எண்கள் எந்த வாய்ப்புற்று நோயாளிக்கும் உரியவை அல்ல. உலகத்தில் பாதி ஆய்வகங்களில் களை மாதிரி மண்டிக்கிடக்கும் ஒரு பழைய செல்லுக்கு உரியவை. எப்போதோ செத்துப்போன ஒரு பெண்ணின், வாய்க்குச் சம்பந்தமே இல்லாத உறுப்பிலிருந்து எடுத்தது. திரவம் உறிஞ்சும் பிப்பெட் முனையில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டு போனாலும் போதும், இரண்டு மாதத்தில் வீட்டுக்காரனை வெளியே தள்ளிவிட்டுத் தானே குடியிருக்கும்.

 முதலில் தன் கைகளைத்தான் சந்தேகப்பட்டாள். எந்த நாள்? எந்தப் பிப்பெட்? ஒரே நேரத்தில் இரண்டு செல்லைத் திறந்து வைத்தோமா? பிறகுதான் தாளின் மேல் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது.

அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாளுக்கு மூன்று மாதம் முந்தைய தேதி.

“அக்கா.”

“சார் அப்ப அந்த செல்லை ஒரு குப்பியில அனுப்பியிருந்தாரு. இங்க வர்ற எந்த செல்லையும் சோதிக்கணும், அது சட்டம். சோதிச்சேன். அன்னைக்கே அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். ‘சரி, நான் பார்த்துக்கறேன்’னாரு.”

“அப்புறம் டிக் எதுக்கு?”

“அந்தக் கட்டத்துல சோதிச்சாச்சான்னு மட்டும்தான் கேட்டிருக்கு. சோதிச்சேன், டிக் அடிச்சேன். என்ன வந்துச்சுன்னு எழுத அங்க இடமே கிடையாது.”

அந்த டிக் இருந்ததால்தான் ஐந்து மாதம் முன்பு அவள் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த குப்பிகளை யாரும் மறுபடி சோதிக்கவில்லை. நேராக இன்குபேட்டருக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

“அஞ்சு மாசமா பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தீங்களே. ராவும் பகலும் நான் எண்ணிட்டு இருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“எப்படிடி சொல்றது? எனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே சார்தான்.” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உனக்கு முன்னாடி ரெண்டு பசங்க கிட்ட அந்த செல்லைக் கொடுத்தாரு. ஒருத்தன் அப்பா பேராசிரியர், இன்னொருத்தன் அம்மா டாக்டர். வந்த வாரமே ரெண்டு பேரும், வீட்ல சொல்லிக்கொடுத்த மாதிரி, இந்த ரிப்போர்ட்டைத்தான் முதல்ல கேட்டாங்க. சார் அவங்களுக்கு வேற வேலை கொடுத்துட்டாரு.”

“அப்புறம் நான்.”

  நேர்முகத் தேர்வில் அவளுடைய மார்க்கைக் கைடு பார்க்கவே இல்லை. “வீட்ல யாராச்சும் காலேஜ் போயிருக்காங்களாம்மா?” என்றுதான் கேட்டார். யாரும் இல்லை சார் என்றாள். “அருமை” என்றார். அந்த ‘அருமை’யை நாலு வருடமாகப் பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

கைடு இந்த ஊருக்குத்தான் ஒரு கருத்தரங்குக்காக வந்திருந்தார். மூன்று மணிக்கு ஆய்வகத்தில் அவளைச் சந்திப்பதாகச் சொல்லியிருந்தார். மணி ஒன்று. அவள் தாளோடு தன் இடத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது அம்மா போனில் கூப்பிட்டாள்.

“சாப்டியா?”

“ம்.”

“எதிர்வீட்டுக்காரரு தம்பிக்கு வாயில புண்ணாம், ஆறவே மாட்டேங்குதாம். உன் மருந்து எப்ப கடைக்கு வரும்னு கேக்கறாங்கடி.”

“அம்மா, அது மருந்து இல்ல. அவரை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. நாளைக்கேன்னு சொல்லு.”

“அதுக்கு ஏன் கத்தற? இரு, அப்பா பேசணுமாம்.”

அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் நினைப்பிலேயே போனிலும் உரக்கப் பேசுவார். “இன்னைக்குத்தானே சாரைப் பார்க்கற? நான் வணக்கம் சொன்னேன்னு சொல்லு. மறந்துடாத. அந்த மனுஷன் இல்லேன்னா நீ எங்க, நான் எங்க.”

“சரிப்பா.”

“டாக்டர் பட்டம் எந்த மாசம்?”

“வண்டியைப் பார்த்து ஓட்டுங்கப்பா” என்று வைத்துவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம் எழுதினாள். இரண்டு பேப்பர்களையும் வெளியிட்ட பத்திரிகைகளுக்கு, ஆய்வகத் தலைவருக்கு, தன் பல்கலைக்கழகத்துக்கு. எழுதியது பத்து வரிதான். நாங்கள் வாய்ப்புற்று என்று எழுதியது வாய்ப்புற்று இல்லை, இரண்டு பேப்பரையும் திரும்பப் பெற வேண்டும், சான்றுக்கு ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். பின்னால் வந்து நின்று படித்த அக்கா, “என் பேரும் வரும்டி” என்றாள்.

“வரும்க்கா.”

“உன் தீசிஸ் போயிடும். முழுசாப் போயிடும்.”

“அது எப்பவோ போயிடுச்சு. எனக்கு இன்னைக்குத்தான் சொல்லியிருக்கீங்க.”

அனுப்பிவிட்டாள்.

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் கைடு காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். “வாம்மா, இளைச்சுட்டியே! ஒழுங்கா சாப்பிடறியா?”

அவள் தாளை அவர் முன்னால் வைத்தாள். “எங்கப்பா உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். சொல்லிட்டேன். இதைத் தெரிஞ்சேதான் என் கையில கொடுத்தீங்களா சார்?”

அவர் தாளைக் கையில்கூட எடுக்கவில்லை. மேலாக ஒரு முறை கண்ணை ஓட்டிவிட்டுக் கோப்பையை அதன் மேலேயே வைத்தார்.

“உட்காரு. இந்த மாதிரி கலப்படம் எல்லா ஆய்வகத்துலயும் நடக்கறதுதான். நாலு மாசத்துல தீசிஸைக் கொடுத்துடு. பட்டம் கைக்கு வந்ததும் அந்த செல்லை நாமளே சத்தமில்லாம ஓரங்கட்டிடலாம். யாருக்கு நஷ்டம்?”

“நம்ம பேப்பரைப் படிச்சிட்டு ஒரு டாக்டர் ரெண்டு தடவை மெயில் போட்டிருக்கார். வாய்ப்புற்று நோயாளிங்களுக்கு அந்த மருந்தை எந்த அளவுல கொடுத்துப் பார்க்கலாம்னு கேக்கறார்.”

“பதில் போடாத.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறந்தநாளுக்குப் பேனா வாங்கிக்கொடுத்த மனுஷன். ‘இவ என் மூத்த பொண்ணு’ என்று மேடையில் சொன்ன மனுஷன்.

“தெரிஞ்சேதானே சார்?”

“உன்னை நான் எங்கேருந்து தூக்கிட்டு வந்தேன்னு மறந்துட்டியா?” குரல் மெதுவாகத்தான் இருந்தது. “இது வெளிய வந்தா என்ன ஆகும்னு யோசி. நாலு வருஷமா அந்த செல்லைத் தொட்டது நீ ஒருத்திதான். நீ கலந்துட்டேன்னு நான் சொன்னா நம்பாதவன் யாரு? முதல் தலைமுறைப் பொண்ணு, சரியாப் பழக்கம் இல்ல, தெரியாமப் பண்ணிட்டான்னு நானே உனக்காகப் பரிஞ்சு பேசறேன்.”

“கோப்பையை எடுங்க சார். அதுக்கு அடியில தேதி இருக்கு.”

அவர் எடுக்கவில்லை.

“எல்லாருக்கும் அனுப்பிட்டேன், உங்களுக்கும்தான். ரெண்டே முக்காலுக்கு.”

கைடின் கை சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போனது. திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தார்.  பிறகு, “பைத்தியக்காரி” என்றார். “திரும்பி ஊருக்குப் போய் என்ன பண்ணுவ? லாரி ஓட்டுவியா?”

“ஓட்டத் தெரியும் சார்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “உட்காரும்மா, பேசிக்கிட்டுத்தானே இருக்கோம், உட்காரு” என்று அவர் சொல்லச் சொல்ல நடைவழிக்கு வந்துவிட்டாள். அக்கா கதவோரம் கண் சிவக்க நின்றாள், எதையோ சொல்ல வாயெடுத்தாள். இவள் அக்காவைத் தாண்டி, லிஃப்டுக்குக் காத்திருக்காமல், படியில் இறங்கிப் போனாள்.