கோடாலி ஓங்கிய நேரம்

ரப்பர் பட்டறையில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அவள் புருஷனுக்கு நெட்டை என்று பெயர். இரண்டுமே பொருத்தமான பெயர்கள்தான் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அதே மெஷினில்தான் நின்றார்கள். அந்த மெஷின் என்பது உள்நோக்கிச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள். அவன் மேலிருந்து ரப்பர் கட்டியைப் போடுவான். அது நசுங்கிச் சூடேறி உருளையைத் தோல் மாதிரி சுற்றிக்கொள்ளும். அவள் பக்கத்தில் நின்று வளைகத்தியால் கீறி உரித்தெடுப்பாள். கை வேலை பார்க்கும், வாய் சண்டை போடும். அவள் திட்டுவது பக்கத்துக் கொட்டகை வரை கேட்கும். அவன் சிரித்துக்கொண்டே "சரி தாயே" என்பான். அன்றைய சண்டை அதோடு முடிந்துவிடும்.

உருளைகளுக்கு மேலே குறுக்காக ஒரு கயிறு போகும். ஆபத்தென்றால் அதை இழுக்க வேண்டும், மெஷின் நின்றுவிடும். மற்ற ஆட்களுக்கு அது தலைக்கு மேலே. நெட்டைக்கோ சரியாக நெற்றியில். நிமிரும்போதெல்லாம் முட்டுவான், மெஷின் நிற்கும், ரப்பர் உருளையிலேயே இறுகிப்போகும், முதலாளி வந்து வாய்க்கு வந்தபடி கத்துவார். ஒருநாள் அவன் நெற்றி புடைத்திருந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பழைய தலையணை உறையைக் கிழித்து, கயிற்றை மேலே இருந்த குழாயோடு இழுத்துக் கட்டிவிட்டாள். "இனிமே ராஜா மாதிரி நிமிர்ந்து நில்லுங்க" என்றாள். அவனும் நின்றான். வேலையும் சுருக்காக நடந்தது. முதலாளிகூட மெச்சினார்.

விபத்து நடந்த அன்று ரப்பர் கொதித்தது. அவன் வலது கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டியை அமுக்கினான். துணியின் நுனி ரப்பரோடு ஒட்டிக்கொண்டது. அவன் கையை இழுப்பதற்குள் விரல்கள் உள்ளே போய்விட்டன.

எலும்பு நொறுங்கும் சத்தம் அந்த மெஷின் சத்தத்திலும் அவளுக்குக் கேட்டது. மணிக்கட்டு போனது. உருளைகள் அவசரப்படவில்லை, நிற்கவும் இல்லை. அவள் தானே மேலே இழுத்துக் கட்டிய கயிற்றை எகிறி எகிறிப் பிடிக்கப் பார்த்தாள், எட்டவில்லை. "மெயினை அணைங்கடா, பாவிங்களா" என்று அலறினாள். எலக்ட்ரீஷியன் மெயின் இருந்த வாசல் பக்கம் ஓடினான். அதற்குள் முழங்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உருளைக்குக் கீழே ரத்தமும் சதையும் ரப்பரோடு சேர்ந்து கறுப்புக் கூழாக வழிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் தோள், அதற்கப்புறம் தலை. கட்டிகளைப் பிளக்கிற கோடாலி காலடியில் கிடந்தது. அவள் குனிந்து எடுத்தாள்.

அப்போதுதான் அவன் இடது கை அவள் பின்னலைப் பிடித்தது. பிடித்தது என்றால் அப்படி ஒரு பிடி, தலைத்தோலே பிய்ந்து வருகிற மாதிரி. உருளையின் சூடு அவள் கன்னத்தில் அடித்தது. அவன் கண் பிதுங்கி, ஏதோ கத்தினான். மெஷின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் தலை சாய்ந்த நிலையிலேயே கோடாலியை ஓங்கி முழங்கைக்கு மேலே போட்டாள். முதல் வெட்டு எலும்பில் சிக்கியது. பிடுங்கி மறுபடி போட்டாள். இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து பீறிட்ட ரத்தம் அவள் வாய்க்குள் போனது. துப்பிவிட்டு, உரித்து வைத்திருந்த ரப்பர் பட்டையை எடுத்து, முழங்காலால் அவனை அமுக்கிக்கொண்டு கையை இறுக்கிக் கட்டினாள். அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றது. எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டான்.

அங்கேதான் வந்தது வினை. இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருக்கலாமே என்று முதலில் சொன்னது யார் என்று தெரியாது. ஊர் பூராவும் அதையே சொன்னது. உள்ளே போன கை ஏற்கெனவே கூழாகிவிட்டது, கட்டுப் போட்டிருக்காவிட்டால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் பேச்சு யாருக்கு வேண்டும். புருஷன் கையை வெட்டினவள் என்று சொல்வதில்தான் ருசி.

ஊர் கிடக்கட்டும். அவளை அரித்தது வேறொன்று. அவன் ஏன் பின்னலைப் பிடித்தான்? வெட்டாதே என்று தடுக்கத்தானே? அவன் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் வெட்டிவிட்டோமோ? இதை அவனிடம் கேட்க வேண்டும், அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்கத்தான் நா எழவில்லை. அவனோ வீட்டுக்கு வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். அவள் பொத்தான் மாட்டப் போனால் அவள் தலையைப் பார்ப்பான், முடி பிய்ந்து போன இடத்தை. உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் அவள் ஊட்ட வந்தபோது தட்டைத் தட்டிவிட்டான். அது சுவரில் மோதிச் சிதறியது. அப்புறம் எழுந்து, வெட்டுப்பட்ட கையைச் சுவரில் மோதினான், கட்டு நனையும்வரை மோதினான். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. இந்த மனுஷனுக்கு நம்மைக் கண்டாலே ஆகவில்லை என்று அவள் முடிவுகட்டினாள். மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று துணிமணியைக்கூட ஒரு பையில் போட்டு வைத்தாள்.

கிளம்ப இருந்த அன்று மத்தியானம் கொழுந்தன் வந்தான். லாரி டிரைவர். நல்ல நாளில் அண்ணி அண்ணி என்று காலைச் சுற்றுகிறவன், அன்றைக்குக் குடித்துவிட்டு வந்திருந்தான்.

"எங்க கிளம்பிட்டே? வெட்டுறதை வெட்டிட்டு ஓடுறியா?"

"தம்பி, குடிச்சிட்டுப் பேசாதீங்க. வெளியில போங்க."

"என் அண்ணனை முடமாக்கிட்டு என்னையே வெளியில போங்கறியா?"

பேச்சு முடியும் முன்னே அறை விழுந்தது. அவள் உதடு கிழிந்தது. அவள் சும்மா விடுகிற ஆளா? சொம்பை எடுத்து அவன் நெற்றியில் ஒரே போடு. அவன் அவள் கழுத்தைப் பிடித்துக் கதவோடு வைத்து அழுத்தினான். அவள் அவன் கட்டைவிரலை வாயில் வாங்கி, பல் எலும்பில் படும்வரை கடித்தாள். அவன் ஊளையிட்டுக்கொண்டே மறு கையால் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான்.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் அதைத் திரும்பிப் பார்த்தான். எப்படி எழுந்தான், எப்படி வந்தான் என்று தெரியவில்லை. அந்த நீளக் கை தம்பியின் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது. நெற்றியால் மூக்கில் ஒரு முட்டு. மூக்கு நொறுங்கியது. விழுந்தவனின் மேல் ஏறி உட்கார்ந்து, இருந்த ஒரே கையால் முகத்திலேயே குத்தினான். மறு கையின் கட்டிலிருந்து ரத்தம் தம்பியின் சட்டையில் சொட்டியது.

"அவ முடியை விடு. விடுடா. முடியைப் பிடிக்காதே."

தம்பி எப்போதோ விட்டுவிட்டான். இவன் நிறுத்தவில்லை. அவள் பின்னாலிருந்து இழுத்துக் கீழே தள்ளினாள். தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்படியில் தவழ்ந்து வெளியே போனான். அறையில் அவர்கள் இரண்டு பேரும் தரையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்கள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவள் கேட்டுவிட்டாள். "வெட்டாதேன்னுதானே என் முடியைப் பிடிச்சீங்க? அன்னிக்கு."

அவன் அவளையே பார்த்தான். "வெட்டாதேன்னா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே நெனச்சேன். தினம் தினம் அதையே நெனச்சுச் சாகுறேன்."

"ஐயோ, அது இல்ல." அவன் எழுந்து உட்கார்ந்தான். "எனக்குப் பயம். கைக்கு எது கிடைச்சாலும் பிடிச்சிருப்பேன். உன் முடி கிடைச்சுது. என்னோட சேர்த்து உன்னையும் உள்ள இழுக்குறேன்னு தெரிஞ்சுது. உன் கன்னம் உருளைகிட்ட போறதைப் பார்த்தேன். பார்த்துட்டும் விடல."

அவள் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நீ கோடாலியை ஓங்கினே. உன் முடியைப் பிடிச்ச இந்த இடது கையைத்தான் வெட்டப்போறியோன்னு நெனச்சேன். வெட்டிட்டு நீ ஓடிடலாம்ல. யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. அப்பவும் நான் விடல. என் உயிர்தான் எனக்குப் பெரிசாப் போச்சு. நீ மெஷின்ல மாட்டின கையை வெட்டி என்னைக் காப்பாத்தினே. உனக்கு நன்றி சொல்றதுக்குக்கூட எனக்கு முகம் இல்ல. எந்த முகத்தை வச்சுக்கிட்டு உன்னைப் பார்ப்பேன், சொல்லு."

அவன் வாய்விட்டு அழுதான். அவள் கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அன்றைக்குத் தன் முடியைப் பிடித்த அந்த இடது கையைப் பார்த்தாள். கோடாலியை ஓங்கிய நேரம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உருளை, ரத்தம், முழங்கைக்கு மேலே எந்த இடம் என்பது, எல்லாமே ஞாபகம் இருந்தது.

"இந்தக் கையை வெட்டிட்டுத் தப்பிச்சிருக்கலாமா?" என்று கேட்டாள். "அப்படி ஒரு வழி இருந்துச்சுன்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது."