மேயரின் கைராசி

அக்காவின் நகக்கண்ணில் இருந்த மண் மட்டும் போகவே மாட்டேன் என்றது. தங்கை பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தாள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் விரல்களை ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்தாள். ஒன்பது வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்காத உடம்பு. அதற்கு மண் எங்கிருந்து கிடைத்தது?

"விடுங்க, அது போகாது," என்றாள் நர்ஸ். அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து, உடை மாற்ற உதவிக்கொண்டிருந்தாள். "வார்டுல மாத்திரை போடுற குட்டிக் கப்பு இருக்கு பாருங்க, அதுல எல்லாம் விதை போட்டு ஜன்னல்ல அடுக்கி வச்சிருந்தாங்க டீச்சர்."

"நீயும் டீச்சர்னு ஆரம்பிச்சிட்டியா? நீ ஊசி போடப் போனவதானே?"

"ஊசி போடத்தான் போனேன். பதியன் போட வச்சிட்டாங்க."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்த வீட்டில் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, யார் வீடு இது, எதற்கும் சிரிப்பவள் வீடுதானே என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டாள்.

அக்காவுக்கு மாநகராட்சிப் பூங்காத் துறையில் இருபத்திரண்டு வருட வேலை. விசிட்டிங் கார்டில் இரண்டு வரிக்கு நீளும் பதவி. சுருக்கமாகச் சொன்னால், தெருவுக்குத் தெரு மரம் நடவைக்க வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலங்களில் பெரியவர்களுக்குத் தோட்டக்கலை சொல்லித்தர வேண்டும். பள்ளிக்கூடத்தைத் தாண்டி முப்பது வருடம் ஆனவர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள், ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் தொந்தரவாக உட்கார்ந்திருப்பவர்கள், எல்லோரும் பூங்காவின் பின்பக்கக் கொட்டகைக்கு வருவார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் பெயர் 'வயது வந்தோர் தோட்டக்கலைக் கல்வித் திட்டம்'. ஊருக்குள் 'மண் வகுப்பு'.

அந்த வகுப்பைத்தான் இரண்டு மாதம் முன்பு மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 'பயனாளிகள் எவரும் இல்லாத காரணத்தால்' என்று எழுதியிருந்தார்கள். கொட்டகை இருந்த இடத்தில் பசுமைச் சாதனைக் காட்சியகம் வரப்போகிறதாம். மேயர் மரம் நடும் புகைப்படங்களை வரிசையாக மாட்டுவதற்கு. கட்டிலில் படுத்தபடியே அதைப் படித்த அக்கா இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு தலையணைக்கடியில் இருந்து கொட்டகைச் சாவியை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தாள்.

"யாரு கேட்டாலும் குடுத்துடாதடி. திங்கக்கிழமை அஞ்சு மணிக்குத் திற."

"நான் திறந்து என்ன பண்ணப்போறேன்? எங்கிட்ட வந்தா பிளாஸ்டிக் பூவே வாடிப்போகுது."

"திறடி, போதும். மிச்சத்த அவங்களே பாத்துப்பாங்க."

தங்கை தையல்கடைக்காரி. அக்காவின் வேலை அங்கிக்குப் பதினோரு பை வைத்துத் தைத்துக்கொடுத்தவளும் அவள்தான். "மனுஷிக்கு எதுக்குடி இத்தனை பை, கங்காருவா நீ?" என்று கேட்டுக்கொண்டேதான் தைத்தாள். அந்தச் சாவி இப்போது அவள் கைப்பையில், நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலின் பக்கத்தில் கிடந்தது.

எட்டு மணிக்குப் பூங்காத் துறை இயக்குநர் வந்தார். விழா நாட்களில் எல்லாம் பச்சைக் கோட்டு போடுவதால் அக்கா அவருக்குப் 'பச்சைக்கோட்டு' என்றே பெயர் வைத்திருந்தாள். இன்று துக்க நாள் என்பதால் கரும்பச்சை. கையில் பெரிய மலர் வளையம், அத்தனையும் பிளாஸ்டிக்.

தங்கை அதை ஒரு கணம் உற்றுப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். "மறுபடியும் பயன்படுத்தலாம்மா. சுற்றுச்சூழலுக்கு நல்லது."

"எங்கக்கா கேட்டிருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பா சார்," என்றாள் தங்கை. உள்ளறையில் நர்ஸ் இருமினாள்.

இயக்குநர் அக்காவின் முகத்தருகே சென்று, கடிகாரத்தைப் பார்க்காமல் பார்க்கும் வித்தையில் அரை நிமிடம் நின்றார். பிறகு சட்டைப்பையில் இருந்து நிகழ்ச்சி நிரலை எடுத்தார். "மேயர் அவர்களே நேர்ல வர்றார். இடுகாட்டு வாசல்ல நினைவு மரக்கன்று. பத்து மணிக்கு நடுவிழா, பத்து பத்துக்கு இரங்கல் உரை, பத்து இருபதுக்குக் கிளம்பிடுவார். அடக்கத்த அதுக்கப்புறம் வச்சுக்கலாம்ல?"

"அவ எங்கயும் போகப்போறதில்ல சார். வச்சுக்கலாம்."

"நல்லது. அப்புறம்..." குரலைத் தாழ்த்தினார். துக்கம் விசாரிப்பதற்குக்கூட அவ்வளவு தாழ்த்தவில்லை. "அந்தக் கொட்டகைச் சாவி. விழா முடிஞ்சதும் குடுத்துட்டீங்கன்னா, நாளைக்கே ஆள விட்டு இடிச்சிடலாம்."

தங்கை கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

இடுகாட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்து முதலில் திகைத்தவர் இயக்குநர்தான். டாக்ஸிகள் மட்டும் இருபதுக்கு மேல் நின்றன. முடிதிருத்துபவர்கள், பேக்கரிக்காரர்கள், இரண்டு பஸ் கண்டக்டர்கள், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அவர் ஒரு காலத்தில் சிறைக்கு அனுப்பிய ஆள் ஒருவர். பூச்செண்டு கொண்டுவந்தவர்கள் குறைவு. பலர் கையில் கொத்துக்கரண்டி, சிலர் தோளில் மண்வெட்டி. பூவாளி இல்லாத கையே இல்லை என்று சொல்லலாம்.

"யாரும்மா இவங்கல்லாம்?" என்றார் இயக்குநர்.

"பயனாளிகள் சார்," என்றாள் தங்கை.

அதற்குள் நீதிபதி குழிவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்தபடி திரும்பி வந்தார். "அடியில களிமண். தண்ணி நிக்கும். வடிகால் சரியில்ல."

"ஐயா, அது கன்னு நடுற குழி இல்லைங்கய்யா," என்றார் டாக்ஸிக்காரர்களில் மூத்தவர்.

"தெரியும்யா. தீர்ப்பா சொன்னேன்? அபிப்பிராயம்தானே சொன்னேன்."

எதற்கு இத்தனை மண்வெட்டி, எதற்கு இத்தனை பூவாளி என்று இயக்குநருக்குத்தான் புரியவில்லை. தங்கைக்குப் புரிந்தது. மேயரின் கைராசி ஊரறிந்தது. ஏழு வருடத்தில் நாற்பத்து மூன்று கன்று நட்டிருக்கிறார், ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை. அந்தக் கைராசியை நம்பிக் கடை திறக்க அழைத்தவர்கள் உண்டு, கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை வைத்தவர்கள் உண்டு, மேயரே நம்பினார். உண்மையில் அவர் ஒவ்வொரு கன்றையும் நாற்றுப்பண்ணையின் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு சேர்த்துத்தான் குழியில் இறக்குவார். பையைக் கிழித்தால் மண் உதிரும், மண் உதிர்ந்தால் கால்சட்டை அழுக்காகும், அழுக்கானால் படம் கெட்டுப்போகும். பைக்குள் வேர் சுற்றிச் சுற்றித் தன்னையே நெரித்துக்கொண்டு இரண்டு மாதத்தில் செடி செத்துவிடும். அதனால் மறுநாள் விடியலில் அக்காவும் அவள் வகுப்பும் போய், கன்றைத் தோண்டி எடுத்து, பையைக் கிழித்து, வேரைப் பிரித்துவிட்டுத் திரும்ப நட்டுவிட்டு வருவார்கள். 'அவங்க காரு தெரு முனையத் தாண்டுற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது' என்பது வகுப்பின் முதல் பாடம். கிழித்த பைகளுக்காகத்தான் அந்தப் பதினோரு பை.

இன்றும் அதற்காகத்தான் வந்து நின்றார்கள். பெட்டி நிழலில் காத்திருந்தது. மேயர் வந்தார், கேமராக்கள் வந்தன. வெள்ளிப்பூண் போட்ட மண்வெட்டியை இயக்குநர் இரண்டு கையாலும் நீட்டினார். மேயர் கன்றை வாங்கி, பையோடு, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் இறக்கினார். படம் எடுத்தார்கள். கன்றைத் தூக்கி இன்னொரு தரம் இறக்கினார். மறுபடி படம் எடுத்தார்கள். கூட்டம் பூவாளியைப் பிடித்தபடி பொறுமையாக நின்றது. பழகிய பொறுமை.

தங்கை குழிக்குள் கிடந்த கறுப்புப் பையைப் பார்த்தாள். செத்த பிறகுமா? மேயர் போன பிறகு அக்காவுடைய மரத்தையும் வகுப்புக்காரர்களே சத்தமில்லாமல் தோண்டித் திரும்ப நடுவார்கள். மேயரின் கணக்கில் நாற்பத்து நான்கு. வகுப்பின் கணக்கில் 'பயனாளிகள் எவரும் இல்லை'. நாளைக்குக் கொட்டகை தரைமட்டம்.

"நிறுத்துங்க," என்றாள்.

மேயரின் மண்வெட்டி பாதியில் நின்றது. இயக்குநர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அதில் இப்படி ஒன்று இல்லை.

"பை," என்றாள் தங்கை. "பையைக் கிழிக்காம நடுறீங்க."

நர்ஸ்தான் முதலில் குரல் கொடுத்தாள்: "பையைக் கிழிங்க சார்!" அவ்வளவுதான். ஏழு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்த வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் பேசியது. "பை! பை! பையைக் கிழிங்க!" இடுகாட்டு மரத்திலிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன.

"இத்தனை நாளும் இப்படித்தானே நட்டேன்?" மேயர் உண்மையாகவே குழம்பிப்போனார். "ஒண்ணுகூடப் பட்டதில்லையே?"

மூத்த டாக்ஸிக்காரர் பூவாளியைக் கீழே வைத்தார். "மறுநாள் காலையில நாங்க வந்து பையைக் கிழிச்சிடுவோங்க."

"எல்லாத்துக்குமா?"

"நாப்பத்து மூணுக்கும்," என்றார் நீதிபதி, தீர்ப்பு வாசிக்கும் குரலில்.

கேமராக்கள் மேயரை விட்டு நகரவில்லை. இயக்குநர் பையைக் கையால் இழுத்தார். நீண்டதே தவிரக் கிழியவில்லை. பல்லை வைக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. தங்கை கைப்பையைத் திறந்தாள். விரலில் முதலில் சாவிதான் பட்டது. அதை ஒதுக்கிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். தையல் பிரிப்பதுபோல மேலிருந்து கீழாக ஒரே கீறல். பை விழுந்தது.

"முட்டி போடுங்க ஐயா," என்றாள். "நின்னுக்கிட்டே முடியாது. அடியில சுருண்டு கிடக்கு பாருங்க, அதப் பிரிச்சு விடுங்க. பயப்படாதீங்க, வலிக்காது. கழுத்து வரைக்கும்தான் மண்ணு, அதுக்கு மேல போட்டா அழுகிடும்."

இதெல்லாம் தனக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்கே தெரியவில்லை. தையல் மெஷின் ஓசைக்கு மேலாகத் தினமும் போனில் கேட்டுச் சலித்த பேச்சு.

மேயர் முட்டி போட்டார். கேமரா இருந்ததால் போட்டாரோ, என்னவோ, போட்டார். வெளிர்நிறக் கால்சட்டையில் இரண்டு வட்டமாக ஈர மண் ஒட்டியது. வேரைத் தொட்டதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. "ஈரமா இருக்கே," என்றார், யாரிடமும் இல்லாமல்.

எழுந்து நின்றபோது பழைய மேயராகிவிட்டார். தொண்டையைச் செருமினார். "இந்த மண் வகுப்பு என்னுடைய நெடுநாள் கனவு. இதை ஊரெங்கும் விரிவுபடுத்துவோம்."

"ஆமாங்கய்யா," என்றார் இயக்குநர், இமைக்காமல். "நம்ம ஆரம்பிச்சதுதானே."

நீதிபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். கனவு யாருடையதாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கதவு திறந்தால் சரி.

பத்து முப்பத்தைந்துக்கு மேயரின் கார் கிளம்பியது. இயக்குநர் ஏறும் முன் தங்கையிடம் வந்தார்.

"அந்தச் சாவி..."

"சொல்லுங்க சார்."

"பத்திரமா வச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

பிறகுதான் அக்காவை எடுத்துப்போனார்கள். பெட்டி இறங்கியதும் இடுகாட்டு ஆட்களை யாரும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. வகுப்பே குழியை மூடியது. ஒருவர் போட, ஒருவர் கட்டி உடைத்தார்; இரண்டு பேர் குதிகாலால் ஓரத்தை மிதித்து அமுக்கினார்கள்; பேக்கரிக்காரர் மண்ணை விரலால் வழித்துச் சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கரை கட்டினார். எல்லாம் பேச்சில்லாமல், கைக்குக் கை மாறி, அழகாக நடந்தது. டாக்ஸிக்காரர் பூவாளியைச் சாய்க்கப்போகும்போதுதான் கவனித்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"ஐயையோ."

எல்லோரும் பார்த்தார்கள். கன்று நட்டதும் கட்டுகிற பாத்தியை அக்காவைச் சுற்றிக் கட்டிவைத்திருந்தார்கள்.

"பழக்கதோஷம்மா," பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். "இதோ, கலைச்சிடுறேன்."

"இருக்கட்டும்," என்றாள் தங்கை. "ஊத்துங்க."

டாக்ஸிக்காரர் ஊற்றினார். நர்ஸ் ஊற்றினாள். அடுத்தவர், அதற்கடுத்தவர். தண்ணீர் கரையைச் சுற்றி ஓடி வந்து, தன்னைத் தானே தொட்டு, பாத்தி நிறைய அசையாமல் நின்றது. பிறகு நடுவில் ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. கண் முன்னாலேயே தண்ணீர் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

நீதிபதி குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வடிகால் நல்லாத்தான் இருக்கு," என்றார்.