ஆளுக்கு ஓர் இலை

1

"எடை போட்டாரா? ஓட்டையா?"

"ஆமாக்கா! கூடைய தராசு கொக்கியில மாட்டி, தண்ணிக்கு வேற கழிச்சிருக்காரு!"

"ஐயோ, கிராணி புத்தி போகாது லா!"

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். கம்போங் ராஜாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் பஸ்ஸில், பின்னிருக்கையில் இரண்டு பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கோலா தெர்லாவில் இறங்கிப் போய்விட்டார்கள். என் மடியில் ஏதோ தூர தேசத்து நாவலின் மொழிபெயர்ப்பு திறந்திருந்தது; பனிப்புயலில் ஒரு ரயில் நின்றுபோயிருந்தது. அதை அப்படியே நிற்கவிட்டுப் புத்தகத்தை மூடினேன். ஓட்டுகளை எடை போட்ட ஒரு மனிதர் என் மலையிலேயே இருக்கும்போது எனக்கு ரயில் எதற்கு?

ஆகவே, வாசகரே, மேலே உள்ள மூன்று வரிகள் கேட்டவை. கீழே வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: தேயிலை மலையில் மூடுபனி இறங்கிய ஒரு காலையில்...

(வேண்டாம். கேமரன் மலையைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மூடுபனியைப் போர்த்திக்கொண்டுதான் வருகிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: பெண்களின் சம உரிமை உள்ளாட்சியின் அடித்தளத்திலிருந்தே தொடங்க வேண்டியது என்பதை

(கொட்டாவி வந்துவிட்டது. எனக்கே.)

மூன்றாம் தொடக்கம்: ஜெயாவுக்கு மூன்று விளக்குகள் வேண்டும்.

இது இருக்கட்டும்.

3

ஜெயாவுக்கு மூன்று விளக்குகள் வேண்டும். பிரிஞ்சாங் ஓட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. பொழுது சாய்ந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், முச்சந்தியிலிருந்து லயத்து வீடுகள் வரை தேயிலைக்கு நடுவே பத்து நிமிட நடை. ஒரு விளக்குக்கூட இல்லை. போன மாதம் ஒரு மோட்டார் சைக்கிள் அவள் பின்னாலேயே, முந்தாமலும் விலகாமலும், மெதுவாக வந்தது.

"இந்த மாசத்தோட வேலைய விட்டுடு" என்றான் ராமையா. காய்கறி லோரி ஓட்டுகிற அவள் கணவன்.

"இருட்டு ரோட்டுல இருக்கு. நான் எதுக்குங்க வேலைய விடணும்?"

"ரோட்ட நானா போட்டேன்? வெளக்கு வரட்டும், அப்புறம் போ."

"வெளக்கு தானா நடந்து வராது லா."

அந்தப் பகுதிக்கு மாவட்ட மன்றம் ஆண்டுக்கு ஒரு வேலை செய்து தரும். எது என்று மக்களே சொல்லலாம். ஆனால் வீட்டுக்கு ஓர் ஓட்டு. குடும்பத் தலைவர்தான் போடுவார். அதனால் ஒரு வருடம் பந்துத் திடலுக்கு வலை வந்தது. அடுத்த வருடம் வேலி. அதற்கடுத்த வருடம் பெஞ்சு. இந்த வருடம் திடலுக்குக் கூரை கேட்டிருந்தார்கள்.

இங்கே மன்ற உறுப்பினரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை; நியமிப்பார்கள். புதிதாக நியமிக்கப்பட்ட செரீனா வந்தவுடன் ஒரே ஒரு மாற்றம் செய்தார். வீட்டுக்கு ஓர் ஓட்டு இல்லை. ஆளுக்கு ஓர் ஓட்டு.*

* இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சின்ன வாக்கியம் போதுமா என்று மூன்று நாள் யோசித்தேன். போதும்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஓட்டுப் போட வந்தவர்களால் மண்டபம் நிறைந்திருந்தது. செரீனா வாக்குச் சீட்டுகளைத் தன் வீட்டு மேசைமேல் மறந்துவிட்டு வந்திருந்தார்.

(இது நம்பும்படி இல்லை என்றால், நீங்கள் எதையும் மறந்ததில்லை என்று அர்த்தம்.)

"சீட்டு எதுக்கும்மா?" என்றாள் வேலாயி, கொழுந்து பறிப்பதில் இருபது வருடக்காரி. "வெளியே மலை முழுக்கச் சீட்டுதானே! ரெண்டு கூடைய வைங்க. ஆளுக்கு ஒரு எலை."

சிவப்புத் துணி கட்டிய கூடை ஜெயா கேட்ட விளக்குக்கு. நீலத் துணி கட்டியது கூரைக்கு. எல்லாரும் வெளியே ஓடினார்கள். திருவிழாதான்! கூரை கேட்ட திடல்காரர்கள் செடியின் அடியில் கைக்குச் சிக்கிய முற்றல் இலையைக் குச்சியோடு ஒடித்து வந்தார்கள். பெண்களின் விரல்களுக்குக் கிள்ளத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு இலை, ஒரு மொட்டு. காற்றைவிடக் கொஞ்சம்தான் கனம்.

முடிவு சொல்லப் பொதுவான ஆள் வேண்டும் என்று எஸ்டேட்டில் கொழுந்துக் கணக்கு எழுதும் கிராணி பழனியப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டார், கொழுந்துக் கொட்டகையிலிருந்து தராசைக் கொண்டுவரச் செய்தார். கூடைகளை ஒவ்வொன்றாக மாட்டி, தினமும் கொழுந்தின் ஈரத்துக்குக் கழிப்பதுபோலவே கழித்தார்.

"கூரைக்கு, தண்ணி கழிச்சு, நானூறு கிராம்." கண்ணாடியைத் துடைத்தார். "வெளக்குக்கு, தண்ணி கழிச்சா... சைபருக்குக் கீழ நாப்பது கிராம் கொறையுது."

"கொறையுதா?" என்றாள் வேலாயி. "அப்ப எங்க வூட்டு வெளக்கையும் புடுங்கிட்டுப் போயிருவீங்களோ?"

மண்டபம் வெடித்தது.

4, மறுபடியும்

பழனியப்பனைப் பற்றி ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். திடல்காரர்களோடு அவர் ரகசியமாகத் தேநீர்

இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. முப்பது வருடமாகக் கூடை என்று எது வந்தாலும் அவர் கை கொக்கியைத் தேடும். புத்தி அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். ஆனால் இப்போது அது வந்து சேர்ந்துவிட்டது. காது மடல்கள் சிவந்துவிட்டன. இத்தனை பேர் முன்னால் கிராணி தன் கணக்கை மாற்றுவாரா? அதைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

6

(ஐந்தில் மூடுபனி வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஒன்று: விளக்கு ஜெயிக்கிறது, எல்லாரும் ஆடுகிறார்கள். இனிப்பு அதிகம். இரண்டு: கூரை வருகிறது, ஜெயா வீட்டில் உட்காருகிறாள். இதை எழுத என் பேனா மறுத்தது. மூன்று: திடல்காரர்களில் ஒருவனான தங்கராஜு எழுந்து கத்துகிறான்.

"ரெண்டு எலை, ஒரு மொட்டுன்னா அது மூணு ஓட்டாச்சே! கள்ள ஓட்டு லா!"

"ஒரு கிள்ளு ஒரு ஓட்டு. நீ குச்சியோட கொண்டாந்தியே, அந்தக் குச்சிக்கு ஐ.சி. கார்டு இருக்கா?" என்றாள் வேலாயி.

இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால், அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஜெயா மேடை ஏறிவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகவே ஏறினாள். சிவப்புக் கூடையைத் தூக்கி, மேசைமேல் கவிழ்த்தாள். இளம்பச்சைக் கொழுந்துகள் பரவின. அவற்றுக்கு நடுவில் ஒரே ஓர் இலை: தடியாக, கரும்பச்சையாக, அரை அடிக் குச்சியோடு.

ஜெயா அதைப் பார்த்தாள். பிறகு ராமையாவைப் பார்த்தாள். லோரி ஓட்டுகிறவனுக்குக் கொழுந்து கிள்ள எங்கே தெரியும்? அவன் மண்டபத்துக் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. அதை அடக்கிக்கொண்டு, அந்தத் தடி இலையை வரிசையின் முதலில் வைத்தாள். செரீனாவிடமிருந்து பென்சிலை வாங்கிப் பழனியப்பன் பக்கம் நீட்டினாள். அவர் கைகள் இரண்டும் இன்னும் தராசில்தான் இருந்தன. வாசகரே, அந்தப் பென்சிலுக்கு மிகப் பக்கத்தில் நீங்களும் நிற்கிறீர்கள்.

"கிராணி ஐயா, தராச விடுங்க. இதுலேர்ந்து ஆரம்பிச்சு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்களேன்."