தேதி எழுதாத டப்பாக்கள்

"டப்பா மேல தேதி எழுதி ஒட்டணுங்க. என்னைக்குச் சமைச்சதுன்னு தெரிய வேண்டாமா?"

"தேதி எதுக்கு? அதான் இது இருக்கே." அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரு நாள் அது லீவு போட்டா?"

"பதினஞ்சு வருஷமா வேலை பாக்குது. ஒரு நாள் கூட லீவு கேட்டதில்ல, தேதிக்காரி."

கல்யாணமான இரண்டாவது வாரம் நடந்த பேச்சு அது. ஒன்பது வருடமாகிறது. அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். தேதி பார்க்காமல் ஒரு பொட்டலத்தைக்கூடக் கையில் எடுக்க மாட்டாள். ஆனாலும் அன்றைக்கு அவருடைய மூக்கைச் செல்லமாக ஒரு திருகு திருகிவிட்டு, கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு டப்பா எதிலும் தேதி ஏறவில்லை.

அவருக்கு வேலை இடத்தில் மூக்கர் என்று பெயர். வீடுகளுக்கு கேஸ் குழாய் இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தில் கசிவு பார்க்கிறவர். எங்கே கசிந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். மற்றவர்கள் கருவியைப் பையிலிருந்து எடுப்பதற்குள், "மூணாவது வளைவு, கீழ்ப்பக்கம்" என்று அவர் சொல்லியிருப்பார்.

அந்த மூக்கு செத்து ஐந்து மாதமாகிறது.

மழைக்காலத்தில் ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தபோது மனைவி கொடுத்த காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். சளி இறங்கியது. சோப்பை முகர்ந்தார், பூண்டை நசுக்கி முகர்ந்தார், வினிகர் பாட்டிலைத் திறந்து ஆழமாக இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது; வாசனை வரவில்லை. சுவருக்கு முன்னால் நிற்பது போல இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. வேலையில் சமாளித்துவிட்டார். எங்கே போனாலும் முதலில் கருவி, பிறகு ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர். "மூக்கருக்கு வயசாக வயசாக நிதானம் வந்துடுச்சு" என்று மேலாளர் மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். ஆனால் கருவியைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுக்கு வரும்போது அவரிடம் ஒன்றும் இருக்காது.

வீட்டில்தான் ராத்திரிச் சாப்பாடு அவர் பொறுப்பு. அவர் ஐந்தரைக்கு வந்துவிடுவார். மனைவி வர ஏழாகும். வந்ததும் வராததுமாக வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றால் யாரும் பிழைக்க முடியாது என்று இருவரும் சேர்ந்து ஒரு முறை வகுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். வெங்காயமும் காரட்டும் நறுக்கி டப்பாவில் போடுவது, உருளைக்கிழங்கு தோலோடு வேகவைப்பது, கோழியை உப்பும் மிளகும் மட்டும் போட்டு வேகவைத்து உதிர்ப்பது. திங்கள் உருளைக்கிழங்கு வறுத்து முட்டை. செவ்வாய் பால் ஊற்றிய நூடுல்ஸ். புதன் சோளமும் கோழியும் போட்ட சூப், ரொட்டி. வியாழன் மீந்த சோற்றை முட்டையோடு கிளறியது. வெள்ளி, என்ன மிச்சமோ அது. எந்தச் சாப்பாடும் இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. மனைவியின் குண்டுக் கையெழுத்தில் இந்தப் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. மருந்துக்கடையில் அவள் கூட வேலை செய்யும் பெண்கள் இருவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவர்கள் எழுதிக்கொண்டு போகாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு டப்பாவும் அடுப்புக்குப் போகுமுன் மூக்கர் மூடியைத் திறப்பார், குனிவார், ஒரு மூச்சு இழுப்பார், "நல்லாருக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் சந்தேகப்பட்டதில்லை. ஐந்து மாதமாக அவர் குனிந்துகொண்டிருந்தார், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார், "நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் பாலை முகர்ந்து சொன்னார். அன்று மனைவி தலைவலி என்று வெறும் ரொட்டி சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். நூடுல்ஸ் சாப்பிட்டது அவரும் மகளும். மகளுக்கு ஏழு வயது. பட்டாணி என்று கூப்பிடுவார்கள். ராத்திரி முழுவதும் பட்டாணி வாந்தி எடுத்தாள். விடிந்தபோது அவள் கண்கள் குழி விழுந்து, உதடு வெடித்து, யாரோ வேற்றுக் குழந்தை போலக் கிடந்தாள்.

"ஸ்கூல்ல யாருக்கோ பிறந்தநாள்னு ஏதோ கொடுத்திருக்காங்க. அதுதான்" என்றாள் மனைவி.

அவருக்கும் வயிறு பிசைந்துகொண்டுதான் இருந்தது. "இருக்கும்" என்றார்.

அந்த ஒரு சொல் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அன்றிலிருந்து மனைவியிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைக்கிறார். சின்னக் கேள்விதான். வாய் வரைக்கும் வரும். கேட்டால் அடுத்த கேள்வி அவளிடமிருந்து வரும். அதற்குப் பதில் சொன்னால் விஷயம் வேலை இடம் வரைக்கும் போகும், வேலையும் போகும். மூக்கில்லாத மூக்கரை வைத்துக்கொண்டு அந்த நிறுவனம் என்ன செய்யும்? கேட்கவில்லையென்றால், இன்னொரு டப்பா. இன்னொரு ராத்திரி.

இன்று புதன். வெளியே மழை. சமையலறை ஜன்னலை இழுத்துச் சாத்தியிருந்தார். வேலை உடுப்பைக் கழற்றித் துவைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சோளம், காரட், தண்ணீர், கரைத்த மாவு எல்லாவற்றையும் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். கல்யாணத்துக்கு வாங்கிய பழைய அடுப்பு. தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்திக்கொள்ளும் புது மாதிரி அடுப்பு வாங்கச் சொல்லி ஊரெல்லாம் புத்தி சொல்கிறவர், சொந்த வீட்டுக்கு இன்னும் வாங்கவில்லை.

கோழி எடுக்கக் கூடத்துக்கு வந்தார். சமையலறை குறுகல் என்பதால் ஃபிரிட்ஜ் கூடத்தில்தான். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

நீல மூடி போட்ட டப்பாக்கள் இரண்டு இருந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தார். போன புதன்கிழமை பட்டாணி படுத்துக் கிடந்ததில் யாரும் சூப் வைக்கவில்லை. அந்தக் கோழி அப்படியே உள்ளே போய் நின்றுவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு டப்பா வந்தது. நடுவில் மனைவி எல்லாவற்றையும் எடுத்துத் தட்டைத் துடைத்து அடுக்கியிருக்கிறாள். ஒன்று மூன்று நாள் கோழி. இன்னொன்று பத்து நாள் கோழி. ஒரே டப்பா, ஒரே மூடி, ஒரே வெள்ளை.

"அப்பா, பசிக்குது" என்றாள் பட்டாணி, மேசையில் படம் வரைந்துகொண்டே.

"இதோ, பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்னா உங்களுக்கு எத்தனை நிமிஷம்?"

"உங்கம்மாவோட வாய் அப்படியே வந்திருக்கு" என்றார்.

இரண்டு மூடிகளையும் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழக்க தோஷம், குனிந்து மூச்சும் இழுத்தார். இரண்டிலும் ஒரே சுவர். விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்று கொஞ்சம் வழுக்குகிற மாதிரி இருந்தது. மறுபடி தொட்டால் இரண்டுமே வழுக்கின. முன்பு சந்தேகம் வந்தபோதெல்லாம் செய்தது போல இரண்டையும் கொட்டிவிடலாம். ஆனால் போன மாதமே மனைவி கேட்டுவிட்டாள், "இந்த வீட்டுல சாப்பாடு எங்கங்க போகுது? உங்களுக்குத் தெரியாம பூனை எதுவும் வளக்கிறீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

குளியலறையில் இயந்திரம் வேகம் பிடித்துத் தடதடவென்று ஆடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு இரண்டையும் மூடி, குருட்டாம்போக்கில் இடது கையிலிருந்ததை வைத்துக்கொண்டு, மற்றதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"அப்பா, சட்டை மாத்தலையா நீங்க?" என்றாள் பட்டாணி, தலையைத் தூக்காமல்.

"மாத்திட்டேன்டா."

ரொட்டி வாட்ட இரண்டாவது அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். சமையலறைக்குள் போனார். இருட்டிக்கொண்டு வந்தது, விளக்குப் போட வேண்டும் என்று நினைத்தவர், பிறகு போடலாம் என்று விட்டார். ஆணியில் தொங்கிய லைட்டரை எடுத்தார். இடது கையில் டப்பா, வலது கையில் லைட்டர்.

பின்னாலேயே பட்டாணி வந்து கதவருகில் நின்றாள்.

"பொய் சொல்றீங்கப்பா. மாத்தவே இல்ல."

"அட, இந்தா பாரு, வீட்டுச் சட்டைதானே இது?"

"அப்புறம் ஏன் உங்க வேலைச் சட்டை வாசனை வருது? வீடு ஃபுல்லா அப்பா வாசனை."

லைட்டரின் விசை மேல் அவர் கட்டைவிரல் இருந்தது.

வேறொரு குழந்தையாக இருந்தால் நாற்றம் என்று மூக்கைப் பொத்தியிருக்கும், யாரையாவது கூப்பிட்டிருக்கும். பட்டாணிக்குப் பிறந்ததிலிருந்து, சட்டையில் ஒட்டி வரும் அந்த கேஸ் வாசனை வந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டிய வாசனை அது. அவளுக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை.

மூக்கர் அடுப்பைப் பார்த்தார். சூப் பொங்கி வழிந்து பாத்திரத்தைச் சுற்றி மஞ்சளாக உறைந்திருந்தது. அடியில் தீ இல்லை. குமிழ் முழுதாகத் திறந்திருந்தது.

கை தன் வேலையை மறக்கவில்லை. விரலை விசையிலிருந்து மெல்ல, மெல்ல எடுத்தார். லைட்டரை ஈரத் துணியின் மேல், முட்டையை வைப்பது போல வைத்தார். குமிழை மூடினார். சுவரோரத்து வால்வையும் மூடினார். ஜன்னலைத் தள்ளித் திறந்தார். மழை முகத்தில் அடித்தது. பட்டாணியை ஒரு கையால் வாரித் தூக்கிக்கொண்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல், கதவை அகலத் திறந்துவிட்டு வெளியே வந்தார். ஒரு மாடி கீழே இறங்கி, படியில் உட்கார்ந்தார்.

"மூஞ்சி ஏன்பா வெள்ளையா இருக்கு?"

"சும்மா உக்காருடா."

அங்கேதான் மனைவி மேலே ஏறி வந்தாள். ஒரு கையில் நனைந்த குடை, தோளில் பை.

"என்ன, அப்பாவும் பொண்ணும் படிக்கட்டுல விருந்தா?" என்று தொடங்கியவள் நின்றாள். மூக்கு விடைத்தது. "என்னங்க இது, கேஸ் நாத்தம் இப்படி அடிக்குது?"

"அடைச்சுட்டேன். ஜன்னல் திறந்திருக்கு. கால் மணி நேரம் போகட்டும், மேல போகாத."

"எப்படித் திறந்துச்சு?"

"சூப் பொங்கி அணைச்சிருக்கு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கூடத்துல."

"கூடத்துலயா? எனக்குக் கீழ் மாடியிலேயே தெரியுது. கூடத்துல இருந்த உங்களுக்கு..." அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகளை இழுத்து உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கீழே தெருவில் ஏதோ வண்டி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது.

"அம்மா, அப்பா டப்பாவையும் தூக்கிட்டே வந்துட்டாங்க" என்றாள் பட்டாணி.

அப்போதுதான் அவர் கவனித்தார். நீல மூடி டப்பா இடது கையில் இருந்தது. விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார்.

மனைவி களைத்துப் போய் அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள். "சரி விடுங்க. உயிர் பிழைச்சதே போதும். இன்னைக்கு ரொட்டியும் அதுவும் தின்னுட்டுப் படுப்போம்." ஒன்பது வருடப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது. "கோழி நல்லாருக்கா?"

மூக்கர் மூடியைத் திறந்தார். குனியப் போனார். பட்டாணி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், பசியோடு.

அவர் குனியவில்லை. டப்பாவை மனைவியின் முகத்துக்கு நேராக நீட்டினார். மூடி நழுவிப் படிகளில் உருண்டு போயிற்று.

"நீ மோந்து பாத்துச் சொல்லும்மா" என்றார். "இன்னைக்கு மட்டும் இல்ல. இனிமே எல்லாத்தையும் நீதான் மோந்து பாத்துச் சொல்லணும்."