வீட்டுக்கு ஒத்துக்கொள்ளாதவர்

மடிப்பாக்கத்தில் தில்லைநாயகியின் வீடு தினமும் காலை ஆறேகாலுக்குத் தும்மும். அக்கம்பக்கத்தில் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள வசதியாக இருந்தது.

போன வாரம் வரை செருப்புகள் மட்டும் வெளியே விழுந்தன. திங்கட்கிழமை அவள் கணவர் கருணாகரன் விழுந்தார். செவ்வாயும் விழுந்தார். புதனன்று எதிர்வீட்டு வாசலில், பேப்பர் படித்துக்கொண்டே விழுந்தார்.

தில்லைநாயகி அவரை எழுப்பித் தூசி தட்டினாள். இருபத்திரண்டு வருஷம் பழகிய மனுஷன். இன்னும் பலமாக ஒரு தும்மல் வந்தால் வேளச்சேரியில்தான் போய்ப் பொறுக்க வேண்டும்.

நீராவியால் வீடு சுத்தம் செய்கிற ஜெபராஜைக் கூப்பிட்டாள். வியாழன் விடியும் முன்பே வந்துவிட்டார். மெத்தையை முகர்ந்தார். திரைச்சீலையை முகர்ந்தார். கடைசியில் கருணாகரனை முகர்ந்தார்.

"மெத்தையில ஒண்ணுமில்ல மேடம். வீட்டுக்கு சார்தான் ஒத்துக்கல."

"அவரை என்ன பண்றது?"

"துணியா, லெதரா?"

"பி.காம்."

"அப்ப மிதமான சூடு போதும்."

கருணாகரனை சோபாவில் உட்காரவைத்து, போர்வையால் மூடி, குழாயை உள்ளே விட்டார். "சுகமா இருக்கு" என்றது போர்வை. பத்து நிமிஷம் கழித்துத் தில்லைநாயகி ஈரவிரலால் குத்திப் பார்த்தாள். ஒட்டவில்லை. வெந்துவிட்டார்.

ஜெபராஜ் வாளியைக் காட்டினார். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வாளியைக் காட்டுவதில் ஒரு பெருமை. கறுப்புத் தண்ணீரில் குறட்டை, அரசியல், 'அப்புறம் பாத்துக்கலாம்' ஆயிரத்துச் சொச்சம். நடுவில் அவள் பெயரும் மிதந்தது.

"இதுவும் அழுக்கா?"

"அழுக்கோட ஒட்டிக்கிட்டு வந்துடும் மேடம். பிரிக்க முடியாது."

 அவள் கொஞ்சம் அழுதாள்.

மணி ஆறேகால் ஆனது. வீடு தும்மவில்லை.

கருணாகரன் போர்வைக்குள்ளிருந்து பளிச்சென்று வெளியே வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். எதிரே ஒரு தட்டில் கேசரி இருந்தது. அரைக் கரண்டி எடுத்துக்கொண்டார். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூச்சப்பட்டு, ஜெபராஜிடம் கேட்டார்.

"பொண்ணு பாடுமா?"

தில்லைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கடைசி வார்த்தையைச் சொன்னது அவர் வீட்டார். இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போய் லெட்டர் போடறோம்."

அவள் வீடு அதுதான். அதனால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேனாவைத் தேடினாள். பிறகு கதவிடுக்கில் தலையை நீட்டி, ஜெபராஜிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த வாளியை மட்டும் ஊத்திடாதீங்க."