முதலில் அப்பாவுக்கு

"அப்பா, உங்க பல்லுல இருக்கிற தங்கத்தை யாரு செஞ்சது?"

சின்ன வயதில் மினேகோ கேட்டாள். கவாகோயே நகரில் பேருந்து ஓட்டுநராக இருந்த அப்பா, வாயை மூடாமலே யோசித்தார். "பல் டாக்டர் இல்ல, அது தெரியும். நீ கண்டுபிடி. மொதல்ல எனக்குத்தான் சொல்லணும்."

இப்போது அவள் வாக்கோ நகர அணு ஆய்வுக்கூடத்தில் கணினித் திரைமுன் நின்றிருந்தாள். விண்மீன்கள் மோதும்போது தங்கம் உருவாகும் வழியில் ஓர் அணுக்கரு பிறக்கிறது. பிறந்த உடனே சிதைகிறது. அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று யாரும் அளந்ததில்லை. அதை இங்கே உண்டாக்கி அளந்துகொண்டிருந்தார்கள். மாலைக்குள் விடை வந்துவிடும்.

கைப்பேசியில் அண்ணன் மசானோரி. "அப்பாவுக்கு மூச்சு எறங்கிட்டே போகுது. மினேகோ கண்டுபிடிச்சாளான்னு கேட்டுட்டே இருக்கார். வா."

"கொஞ்ச நேரம்ணா. விடையோடயே வந்துடறேன்."

"விடை வந்து, அவர் இல்லேன்னா?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சக ஆய்வாளன் செகாவா திரும்பினான். பல்லின் கதை அவனுக்குத் தெரியும்.

"நீங்க முறைச்சுப் பாத்தா கரு பயந்து சீக்கிரம் செத்துடுமா?" சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க. கெளம்புங்க. நான் பாத்துக்கறேன்."

ரயிலில் அவள் உட்காரவே இல்லை.

வீட்டில் படுத்திருந்த அப்பாவின் கண் திறந்திருந்தது. "கண்டுபிடிச்சியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அண்ணனும் அதைத்தான் கண்ணால் கெஞ்சினான். அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"இன்னும் இல்லப்பா."

தங்கப்பல் தெரியச் சிரித்தார். "சரி. கடனா இருக்கட்டும்."

வெயில் சாயும்முன் போய்விட்டார்.

அண்ணன் சடங்குக்காகப் புத்தர் கோயில் குருவை அழைத்துவரப் போனான். ஊதுபத்தி பாதி எரிந்திருந்தபோது செகாவாவின் செய்தி வந்தது. விடையை எழுதி, கீழே சேர்த்திருந்தான்: "யார்கிட்டயும் சொல்லல. மொதல்ல யாருக்குன்னு தெரியும்."

அப்பாவின் முகத்திலிருந்த வெள்ளைத் துணியை விலக்கினாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, கடைசி நீராக உதட்டில் ஒற்றினாள். காதருகே குனிந்தாள்.

"நாங்க நெனச்சதைவிடக் கொஞ்ச நேரந்தான் தங்குதுப்பா."

துணியை மறுபடி போர்த்தி, ஓரத்தை நேராக்கினாள். பிறகு செகாவாவுக்கு எழுதினாள்: "இனி எல்லாருக்கும் சொல்லலாம்."